பெரிய வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், இந்தப் பக்கம்

புதுச்சேரிக்கு வரும் சொந்தக்காரர்கள் முதலில் கேட்பது மஞ்சள் சுவரைத்தான். கடற்கரையோரப் பிரெஞ்சுப் பகுதியான ஒயிட் டவுனில், துமாஸ் வீதியில் நாலு போட்டோ எடுத்தால் திருப்தி. அதையும் தமிழர் பகுதியையும் பிரிக்கும் பெரிய வாய்க்காலைத் தாண்டி வைசியாள் வீதிக்கு வாங்க என்றால், "அங்கே என்ன இருக்கு?" என்பார்கள்.

பழைய ஊரைப் பிழைக்க வைக்க இங்கே இரண்டு வழிகள் நடந்தன: வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று.

ஒயிட் டவுன் வழியில் காசு சீக்கிரம் வரும். வீடு ஓட்டலாகும், கபே ஆகும். வருமானம் வருவதால் கூரை ஒழுகாது, கட்டடம் நிற்கும். அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ராத்திரி பத்து மணிக்கு அந்தத் தெருக்களில் நடந்து பாருங்கள். ஜன்னலில் விளக்கு எரியும், குக்கர் விசில் கேட்காது.

வைசியாள் வீதியின் கதை வேறு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 'ஏசியா அர்ப்ஸ்' நிதியில், இத்தாலியின் உர்பினோ, பிரான்சின் வில்நெவ்-சுர்-லோ நகராட்சிகள் கைகோக்க, மரபுக் கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பு இந்தத் தெருவின் முகப்புகளைச் சீர்செய்தது. 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபு விருதும் கிடைத்தது. தெருவையொட்டித் திண்ணை, அதன்மேல் மரத்தூண்கள் தாங்கும் சாய்ந்த ஓட்டுக்கூரை. அதைத் தாழ்வாரம் என்போம். தபால்காரர் உட்கார்ந்து மூச்சு வாங்குவது அங்கேதான், பூக்காரம்மா கூடையை இறக்குவதும் அங்கேதான். வீட்டுக்குள் போகாமலே வீட்டுக்காரரோடு பேச ஓர் இடம். கார் நிறுத்தக் கடைக்காரர் திண்ணையை இடித்துவிட்டால் அதோடு சேர்ந்து அந்தப் பேச்சும் போய்விடும்.

இந்த வழியிலும் ஓட்டை இல்லாமல் இல்லை. முகப்புக்கு வர்ணம் அடித்துவிட்டு உள்ளே முற்றம் இடிந்து கிடந்தால் என்ன பயன்? ஒரு வீட்டுக்கு ஆறு வாரிசு, அதில் இரண்டு பேர் பாரீசில். யார் கையெழுத்துப் போடுவது? அப்புறம் வீடு விலைக்குப் போகும், இல்லை இடிந்து விழும்.

அரசுக் கட்டடத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. கடற்கரைச் சாலையில் பிரெஞ்சுக் காலத்து நகராட்சி அலுவலகமான மேரி கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்தது. உலக வங்கிப் பணத்தில் பழைய வடிவத்திலேயே எழுந்து 2021-இல் திறந்தது. அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அது கட்டடம், தெரு அல்ல.

என் ஓட்டு வைசியாள் வீதிக்கு. குடியிருப்பவர் இருந்துகொண்டே வீடு சரியாவது அதில்தான். சரி, அந்த அளவுகோலை நேரு வீதிப் பெரிய மார்க்கெட்டில் வைத்தால்? இடித்துக் கட்டும் திட்டம் வந்தபோது வியாபாரிகள் எதிர்த்தார்கள். கடையைக் காலி செய்து போனால் வாடிக்கை திரும்ப வருமா என்பதுதான் அவர்கள் பயம், நியாயமான பயம். அங்கே இடிக்காமல் பகுதி பகுதியாகவே வேலை பார்க்கலாம். முதலில் மீன் கடைகள் பக்கத்து வடிகாலும் கூரையும்.