பழைய டிரைவர்: கெர்னலுக்குள்ளேயா, வெளியேயா?

பெங்களூரு மின்னணுச் சந்தையான எஸ்.பி. ரோட்டில் இன்னும் பழைய பிசிஐ கார்டுகள் (கணினிக்குள் செருகும் வன்பொருள் அட்டைகள்) கைமாறுகின்றன. அப்படி ஒரு கார்டை இயக்கும் நிரலான டிரைவரை, லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் வைத்திருப்பதா, நீக்கிவிட்டு டிகேஎம்எஸ் (கெர்னல் மாறும்போதெல்லாம் வெளி டிரைவரை மறுபடி பில்ட் செய்யும் கருவி) வழியாக வெளியே பராமரிப்பதா?

உள்ளே இருந்தால், உள் ஏபிஐயை (கெர்னலின் பகுதிகள் ஒன்றையொன்று அழைக்கும் முறையை) மாற்றுகிறவரே அதைப் பயன்படுத்தும் டிரைவர்களையும் திருத்த வேண்டும். கெர்னல் 4.15-இல் இனிட்_டைமர் என்ற பழைய அழைப்பு நீக்கப்பட்டு, டைமர்_செட்டப் அதன் இடத்தைப் பிடித்தபோது உள்ளே இருந்தவை கூடவே மாறின; வெளியே இருந்து பழைய அழைப்பையே நம்பியவை கம்பைலே (மூலக் கோடு இயங்கும் நிரலாக மாறுவது) ஆகவில்லை. ஆனால் கம்பைல் ஆவது வேறு, ஓடுவது வேறு. கார்டு கையில் இல்லாதவர் திருத்திய கோடில் பிழை ஆண்டுக்கணக்கில் ஒளிந்திருக்கும்.

வெளியே என்றால் ஒவ்வொரு கெர்னல் அப்டேட்டுக்கும் பொருத்தமான ஹெடர் பேக்கேஜ் (டிரைவரை பில்ட் செய்யத் தேவைப்படும் கெர்னல் கோப்புகள்), மறு பில்ட். கையொப்பமிட்ட மென்பொருளை மட்டும் ஏற்கும் செக்யூர் பூட் இருந்தால், பெரும்பாலும் மாட்யூலுக்கு (அப்படி பில்ட் ஆன டிரைவருக்கு) டிஜிட்டல் கையொப்பமும் வேண்டும். இல்லாவிட்டால் லோடு ஆகாது. நெட்வொர்க் கார்டு என்றால் வம்புதான், சரிசெய்ய இணையமே இருக்காது.

கார்டை வைத்துச் சோதிக்க ஒருவராவது இருந்தால் உள்ளேயே இருக்கட்டும். கெர்னலின் பொறுப்பாளர் பட்டியலான மெயின்டெய்னர்ஸ் கோப்பில் 'ஆர்ஃபன்' (பொறுப்பாளர் இல்லை) என்றிருந்து, மாற்றங்களின் பதிவான கிட் லாகில் ஏபிஐ திருத்தங்கள் மட்டுமே தெரிந்தால் நீக்கலாம். பிறகு ஆள் கிடைத்தால் அந்த நீக்கத்தை ரிவர்ட் செய்து டிரைவரை மீட்கலாம். அதுவரை பயனர்களுக்கு டிரைவர் உள்ள எல்டிஎஸ் (நீண்ட காலம் பராமரிக்கப்படும்) கெர்னல் போதும்.