லீவில் வந்து வீடு கட்டத் தொடங்குவோருக்கு: மன்னார்குடி பக்கம் விசாரித்த விவரம்

மன்னார்குடி, பட்டுக்கோட்டை பக்கம் சிங்கப்பூர்க் காசிலும் வளைகுடாக் காசிலும் எழும் வீடுகளில் பட்ஜெட் எகிறினால் சிமென்ட் விலையைத்தான் காரணம் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் அது பொருந்தவில்லை. 1,500 சதுர அடி வீட்டுக்குச் சதுர அடிக்கு 0.4 மூட்டை வீதம் ஏறக்குறைய 600 மூட்டை சிமென்ட் போகும். 2025 செப்டம்பர் 22 முதல் சிமென்ட்டுக்கான ஜி.எஸ்.டி. 28-இல் இருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அதனால் மூட்டைக்கு 30 ரூபாய் மிச்சமானாலும் மொத்தம் 18,000 ரூபாய்தான். ஒப்பந்தத்தில் எழுதாமல் விட்ட ஒரே ஒரு வாசகம் லட்சக்கணக்கில் இழுத்துவிடும். அதனால் மூன்று, நாலு வார லீவை டைல்ஸ் கடையில் கரைக்காதீர்கள்.

முதல் வாரம் மனைக் காகிதங்களுக்கு. பட்டா, புலப்படம் (மனையின் எல்லை அளவு காட்டும் வரைபடம்), வில்லங்கம் மூன்றையும் அரசுத் தளங்களில் வெளிநாட்டில் இருந்தே பார்க்கலாம். இந்திய மொபைல் எண்ணை ரோமிங்கில் உயிரோடு வைத்திருங்கள், ஓ.டி.பி. எல்லாம் அதற்குத்தான் வரும். பத்திரம் உங்கள் பெயரிலும் பட்டா அப்பா பெயரிலும் இருந்தால் கடனும் அப்ரூவலும் அங்கேயே நிற்கும். பட்டா மாற்றத்துக்கு ஊருக்குக் கிளம்பும் முன்பே விண்ணப்பித்துவிடுங்கள். அப்ரூவல் இல்லாத லேஅவுட் மனை என்றால் அது 2016 அக்டோபர் 20-க்குள் பதிவானதா என்று பாருங்கள், அப்படிப்பட்ட மனைகளை முறைப்படுத்தும் வரன்முறைத் திட்டத்துக்கு அதுதான் கெடு. சர்வேயர் வந்து அளந்து கல் நடாமல் பிளான் வரையக் கூடாது. பத்திரத்தில் 40-க்கு 60 என்றிருப்பது நிலத்தில் 39-க்கு 59 ஆக இருக்கும். அந்த ஓரடி, சட்டப்படி விடவேண்டிய பக்க இடைவெளியில் போய் இடிக்கும்.

பிளான் அப்ரூவல் முன்பைவிட உண்மையிலேயே எளிதாகிவிட்டது. 2024 ஜூலையில் வந்த சுயசான்றுத் திட்டத்தில், 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் கட்டடம், தரைத்தளம் அல்லது அதன்மேல் ஒரு மாடி என்றால், ஆன்லைனில் கட்டணம் கட்டி அனுமதியை உடனே இறக்கிக்கொள்ளலாம். முன்கூட்டிய கள ஆய்வும் இல்லை, பணி நிறைவுச் சான்றும் தேவையில்லை. ஆனால் சொன்ன விவரம் சரி என்று கையெழுத்துப் போடுவது நீங்கள்தான். தவறென்று தெரிந்தால் அனுமதி ரத்தாகும். ஆகவே இன்ஜினியர் பதிவேற்றும் வரைபடத்தை நீங்களே ஒருமுறை டேப்பை வைத்துச் சரிபாருங்கள்.

டெல்டா களிமண்ணில் மண் பரிசோதனையைத் தவிர்ப்பது பெரிய தவறு. ஈரத்தில் உப்பி வெயிலில் சுருங்கும் மண் இது. பக்கத்து வீட்டுக்குப் போட்ட அஸ்திவாரமே போதும் என்று சொல்லும் மேஸ்திரியை நம்பினால், இரண்டு கோடையில் ஜன்னல் மூலையில் சாய்வாக விரிசல் விழும். சாதாரண ஃபுட்டிங்கா, அண்டர்ரீம் பைலா (ஆழத் துளையிட்டு அடியில் அகலமாக்கிப் போடும் கான்கிரீட் தூண்) என்பதைப் பரிசோதனை அறிக்கை சொல்லட்டும். பைல் என்றால் செலவு கூடும், அது முதல் நாளே தெரிந்திருப்பது நல்லது. நாளும் முக்கியம். ஆனி, புரட்டாசி, மார்கழி, பங்குனியில் வாஸ்து நாள் கிடையாது. தை, மாசியில் பூமி பூஜை போட்டால், ஜூன் 12-ஐ ஒட்டி மேட்டூர் தண்ணீர் திறந்து வயலெல்லாம் நனையும் முன் பேஸ்மென்ட் மேலே வந்துவிடும். ஐப்பசி மழைக்குள் மேல் கான்கிரீட்டும் முடியும்.

இனி ரேட். எல்லாரும் கேட்பது "சதுர அடி என்ன விலை?" என்பதைத்தான். எதையெல்லாம் சதுர அடியாக எண்ணுகிறீர்கள் என்று அதற்கும் முன்பே கேட்க வேண்டும். உதாரணத்துக்கு ரேட் 2,400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் மனக்கணக்கு 1,400 சதுர அடி, 33.6 லட்சம். கான்ட்ராக்டர் கணக்கில் 130 சதுர அடி போர்டிகோவும் 120 சதுர அடி மாடிப்படி ஹெட்ரூமும் (மொட்டை மாடியில் படிக்கட்டை மூடும் அறை) முழு ரேட்டில் ஏறும். 250 சதுர அடிக்கு 6 லட்சம் கூடுதல். இதில் அவர் ஏமாற்றவில்லை, நீங்கள் கேட்கவில்லை. போர்டிகோ, பால்கனி, ஹெட்ரூம் ஒவ்வொன்றும் முழு ரேட்டா பாதி ரேட்டா என்று பேசி எழுதுங்கள்.

அதே ரேட்டுக்குள் வழக்கமாக வராதவை: காம்பவுண்ட் சுவர், சம்ப் (நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி), செப்டிக் டேங்க், போர், கிராவல் நிரப்புதல், மாடுலர் கிச்சன், ஈ.பி. டெபாசிட். 40-க்கு 60 மனையின் சுற்றளவு 200 அடி, கேட்டுக்கு 12 அடி போக 188 ரன்னிங் அடிச் சுவர். சம்ப்புக்கு லிட்டர் கணக்கில் ரேட் கேட்பார்கள். ரோட்டை உயர்த்திப் போட்டுக்கொண்டே போவதால் பேஸ்மென்ட் உயரத்தை ரோட்டு மட்டத்தில் இருந்து எத்தனை அடி என்று எழுதுங்கள், "தரையில் இருந்து 3 அடி" என்பது போதாது. ஜி.எஸ்.டி. ரேட்டுக்குள் இருக்கிறதா என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதுங்கள். மெட்டீரியலோடு ஒப்பந்தம் என்றால் 18 சதவீதம், உதாரணத்துக்கு 36 லட்ச ஒப்பந்தத்துக்கு 6.48 லட்சம். தனி வீட்டுக்கு வெறும் லேபர் கான்ட்ராக்ட் என்றால் வரி விலக்கு உண்டு. ஆனால் தினமும் சைட்டில் நிற்கும் சொந்த ஆள் இல்லாமல் லேபர் கான்ட்ராக்டில் இறங்க வேண்டாம் என்பதே என் கருத்து.

கம்பியைத் தூரத்தில் இருந்தே சோதிக்க ஒரு வழி உண்டு. 12 எம்.எம். கம்பி மீட்டருக்கு 0.888 கிலோ, 12 மீட்டர் நீளக் கம்பி ஒன்று 10.66 கிலோ. தரநிலை அனுமதிக்கும் தளர்வு 5 சதவீதம்தான். லாரியின் எடை மேடைச் சீட்டையும் கம்பி எண்ணிக்கையையும் வாட்ஸ்அப்பில் வாங்கி வகுத்துப் பாருங்கள், 10 கிலோவுக்குக் கீழே வந்தால் இறக்க விடாதீர்கள். கான்கிரீட் நாளன்று வீடியோ அழைப்பில் தண்ணீரைக் கவனியுங்கள். எம்20 (வீடுகளுக்கு வழக்கமான கான்கிரீட் தரம்) கலவைக்கு மூட்டைக்கு 25 லிட்டரைத் தாண்டி, சுலபமாக ஓடட்டும் என்று குழாயைத் திறந்துவிட்டால் பலம் போய்விடும்.

பணம் சிக்குவது வங்கியிடமும் கான்ட்ராக்டரிடமும் நடுவில். என்.ஆர்.ஐ. கடனில் உங்கள் பங்கை முதலில் போடச் சொல்வார்கள். பிறகு ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் வங்கி இன்ஜினியர் பார்த்துவிட்டுப் பணம் விடுவார். கான்ட்ராக்டரோ கட்டம் தொடங்கும்போதே கேட்பார். எனவே ஒரு கட்டத்துக்கான தொகை, 4 அல்லது 5 லட்சம், எப்போதும் கையில் சும்மா இருக்க வேண்டும். அதுபோக மொத்தத்தில் பத்து சதவீதம் தனியே.

ஊரில் கையெழுத்துப் போட அண்ணனுக்கோ மாமாவுக்கோ பவர் (அதிகாரப் பத்திரம்) கொடுப்பதானால் கட்டுமானம், ஈ.பி., வங்கி ஆகியவற்றுக்கு மட்டும் என்று எழுதுங்கள், விற்கும் அதிகாரம் வேண்டாம். தூதரகத்தில் அத்தாட்சி வாங்கி அனுப்பிய பவர், இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டப்பட வேண்டும். பலரும் தவறவிடுவது இதைத்தான்.

கடைசித் தவணையாக ஐந்து சதவீதத்தை ஒரு மழைக்காலம் முடியும்வரை நிறுத்திவைக்க ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். பூச்சுக்கு முன் ஒவ்வொரு சுவரிலும் ஓடும் வயர் பைப், தண்ணீர் பைப் படங்களை டேப்போடு எடுத்து அனுப்புவதையும் அந்தத் தவணைக்கான நிபந்தனையாக்குங்கள்.