சமரச மையத்தில் விவாகரத்து: பேச்சு நன்று, பத்திரத்தில்தான் கவனம் வேண்டும்

பிரிவது என்று இருவருமே முடிவெடுத்துவிட்டால், ஆண்டுக்கணக்கில் வாய்தாவுக்கு அலைவதைவிட நீதிமன்றத்தோடு இணைந்த சமரச மையத்தில் பேசி முடிப்பது எவ்வளவோ மேல். சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் 2005 ஏப்ரலில் இந்த மையம் தொடங்கியது. இப்போது மாவட்ட நீதிமன்றங்களிலும் உண்டு. சமரசருக்கு நீங்கள் கட்டணம் தர வேண்டியதில்லை.

இந்தச் சேவையின் உயிர், சமரசர் இருவரிடமும் தனித்தனியாக நடத்தும் பேச்சில் இருக்கிறது. அப்பா, மாமியார், மச்சான் யாரும் இல்லாத அந்த அறையில்தான் "வீடு வேண்டாம், பிள்ளையின் படிப்புச் செலவை ஏற்றுக்கொண்டால் போதும்" என்பது போன்ற உண்மையான கோரிக்கை வெளியே வரும். ரகசியம் என்று சொன்னதைச் சமரசர் எதிர்த்தரப்புக்குக் கொண்டுபோக மாட்டார். பேச்சு முறிந்தாலும் அது வழக்கில் சாட்சியமாகாது. அடி, மிரட்டல் இருக்கும் வீட்டுக்கு மட்டும் இது ஏற்ற வழி அல்ல. முதலில் பாதுகாப்பு உத்தரவு வாங்குங்கள்.

மையம் விவாகரத்து தராது, ஒப்பந்தம்தான் தரும். இந்து திருமணச் சட்டம் 13பி பிரிவின்படி ஓராண்டு பிரிந்து வாழ்ந்த பிறகே நீதிமன்றத்தில் கூட்டு மனு. ஆறு மாதம் கழித்து மறுபடி நேரில் வந்து சம்மதம் சொல்ல வேண்டும். ஒன்றரை ஆண்டு பிரிந்திருந்து, ஜீவனாம்சம், பிள்ளைப் பொறுப்பு எல்லாம் முடிவாகியிருந்தால், 2017-ல் உச்ச நீதிமன்றம் சொன்னபடி அந்த ஆறு மாதத்தைத் தள்ளுபடி செய்யக் கேட்கலாம்.

சிக்கல் வருவது ஒப்பந்தம் எழுதும் கடைசி அரை மணி நேரத்தில். களைத்துப்போய், முடிந்தால் போதும் என்று கையெழுத்திடுவார்கள். "நகைகளைத் திருப்பித் தருவார்" என்ற ஒற்றை வரி அடுத்த வழக்குக்கு விதை. "சங்கிலி 5 பவுன், நான்கு வளையலும் சேர்த்து 6 பவுன், இன்ன தேதிக்குள் வக்கீல் முன்னிலையில் எடைபோட்டு ஒப்படைப்பது" என்று இருக்க வேண்டும். அடகில் இருந்தால் மீட்பவர் யார், வட்டி யாருடையது என்பதையும் எழுதுங்கள்.

மொத்த ஜீவனாம்சம் 10 லட்சம் என்றால் மனுத் தாக்கலின்போது 4, இறுதி நாளில் 6 என்று டி.டி.யாகப் பிரியுங்கள். தீர்ப்பு வரும்வரை யாரும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என்பதால், முழுப் பணத்தையும் முன்பே கொடுத்தவர் மாட்டிக்கொள்வார். எல்லாவற்றையும் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டவரும் அப்படியே. கூட்டு வீட்டுக் கடனில் "இனி அவர் கட்டுவார்" என்று நீங்கள் எழுதிக்கொள்வது வங்கியைக் கட்டுப்படுத்தாது. பெயரை நீக்க வங்கியின் எழுத்துபூர்வ ஒப்புதலை முதலில் வாங்குங்கள்.

நிலுவையில் உள்ள ஒவ்வொரு வழக்கின் எண்ணையும் சேருங்கள். மனைவியைக் கொடுமைப்படுத்தியதாகப் பழைய இந்திய தண்டனைச் சட்டம் 498ஏ பிரிவில் (2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதா 85) போடப்பட்ட வழக்கைப் புகார்தாரர் தானே வாபஸ் வாங்க முடியாது, உயர் நீதிமன்றம்தான் ரத்து செய்ய வேண்டும். ஆகவே அந்த ரத்து மனுவுக்குப் புகார்தாரர் எந்தத் தேதிக்குள் கையெழுத்துத் தருவார் என்பதும் பத்திரத்தில் ஏறட்டும்.