குடும்பக் கூட்ட முறையைப் பழக்கித் தரும் சேவை: ஒரு மேற்பார்வையாளரின் மதிப்பீடு

குழந்தைப் பாதுகாப்பு முகமைகளுக்குப் புதிய நடைமுறைகளைக் கற்பிக்க வரும் நிறுவனங்களுள் பெரும்பாலானவை வகுப்பு நடத்தி, சான்றிதழ் கொடுத்து, கட்டணம் வாங்கிக்கொண்டு விடைபெற்றுவிடுகின்றன. எங்கள் முகமை அமர்த்திய நிறுவனம் அப்படிப் போய்விடவில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன். ஆபத்தில் இருக்கும் குழந்தை யாருடைய பொறுப்பில் வளர வேண்டும் என்பதை உறவினர்களே கூடிப் பேசித் திட்டமிடும் முறையை, அதாவது நியூசிலாந்து 1989ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக அந்நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரி மக்களின் வழக்கங்களையும் தழுவி ஏற்ற முறையை, எங்கள் களப்பணியாளர்களுக்குப் பழக்கித் தருவதே அவர்கள் ஏற்ற பணி.

வகுப்புகள் தெளிவாக இருந்தன, சற்றே நீளம். சேவையின் மதிப்பு அதற்குப் பிறகுதான் தெரிந்தது. இம்முறையில், தகவல்களை எடுத்துரைத்ததும் அலுவலர்கள் வெளியேறிக் குடும்பத்தாரைத் தனியே பேசவிட வேண்டும். வகுப்பில் இதற்குத் தலையாட்டிய பணியாளர் ஒருவர், உண்மையான கூட்டத்தில் கோப்பை மடியில் வைத்தபடி அங்கேயே அமர்ந்துவிட்டார். குடும்பத்தாரும் ஒவ்வொரு சொல்லுக்கும் அவர் முகத்தையே பார்த்தார்கள். நிறுவனத்தின் சார்பில் உடன் வந்திருந்த வழிகாட்டி குறுக்கிடாமல், எல்லாம் முடிந்தபின், “நீங்கள் வெளியே போயிருந்தால் அந்தப் பாட்டி பேசியிருப்பாரா?” என்று மட்டும் கேட்டார். அடுத்த கூட்டத்தில் அதே பணியாளர் கதவைச் சாத்திவிட்டு நடைவழியில் காத்திருந்தார்.

கூடவே ஒருவர் நின்று கவனித்தால் பணியாளர்கள் வெறுத்து வேலையை விட்டுவிடுவார்கள் என்று எங்கள் நிர்வாகம் அஞ்சியது. அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில், குழந்தைப் புறக்கணிப்பைத் தடுக்கும் சேஃப்கேர் திட்டத்தை ஆராய்ந்தபோது இதற்கு நேர்மாறான விளைவே தெரிந்தது: புதிய முறையையும் தொடர் வழிகாட்டலையும் சேர்த்துப் பெற்றவர்களே வேலையில் அதிகம் நிலைத்தார்கள். எங்கள் அனுபவமும் ஏறத்தாழ அதுதான்.

குறை இல்லாமல் இல்லை. புதிய படிவம் வந்தது, பழைய படிவம் போகவில்லை; ஒரே குடும்பத்தின் விவரத்தை இருமுறை எழுதிக் களைத்த பணியாளரிடம் எந்த நடைமுறையும் ஒட்டாது. ஒவ்வொரு பணியாளரும் கையாளும் வழக்குகளின் எண்ணிக்கையைக் குறைக்காதது எங்கள் முகமையின் தவறு. ஆனால், குறைக்காமல் தொடங்கக் கூடாது என்று நிறுவனத்தார் முன்கூட்டியே வற்புறுத்தியிருக்க வேண்டும். குழந்தை நலத்துறை போன்ற பொதுச் சேவைகளை மனத்தில் கொண்டு ஆய்வாளர் ஆரோன்ஸ் குழுவினர் 2011இல் வகுத்த சட்டகம், ஆராய்தல், ஆயத்தம், செயலாக்கம், நிலைநிறுத்தல் என நான்கு கட்டங்களைச் சொல்கிறது. இவர்களுடைய ஒப்பந்தமோ மூன்றாவதோடு முடிந்துவிடுகிறது. பயிற்சி பெற்ற மேற்பார்வையாளர் ஒருவர் மாற்றலாகிப் போனதும் அவருடைய குழு பழைய வழக்கத்துக்கே திரும்பியது.

இருந்தும் இச்சேவையைப் பரிந்துரைக்கிறேன். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: முகமைக்குள்ளேயே வழிகாட்டிகளை உருவாக்கித் தரக் கேட்டபோது தனிக் கட்டணம் என்றார்கள், அதை முதல் ஒப்பந்தத்திலேயே சேர்க்கச் சொல்லிக் கையெழுத்திடுங்கள்.