ஆன்லைனில் படம்: வாடகையா, சந்தாவா, சொந்தமா?

வாடகைக்குப் படம் எடுக்கும்போது எல்லோரும் விலையைத்தான் பார்க்கிறோம், கெடுவைப் பார்ப்பதில்லை. யூடியூப், ஆப்பிள் டிவி, பிரைம் வீடியோ மூன்றிலும் பொதுவாக ஒரே கணக்குதான்: பணம் கட்டி 30 நாளுக்குள் படத்தைத் தொடங்க வேண்டும், தொடங்கிய பிறகு 48 மணி நேரத்தில் முடிக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் ஒரு ஞாயிறு இரவு ஒன்பதரைக்குப் படம் போட்டோம். இடைவேளைக்கு முன்பே அம்மா தூங்கிவிட்டார். திங்கள் இரவு கரண்ட் இல்லை. செவ்வாய் இரவு பத்து மணிக்கு எல்லோரும் உட்கார்ந்தால், மறுபடி 120 ரூபாய் கேட்கிறது. அம்மா ஆசையாகக் கேட்ட படம், மனசு கஷ்டமாகிவிட்டது. அன்றிலிருந்து வாடகைப் படம் என்றால் வெள்ளி இரவுதான். விட்டதைப் பார்க்க சனியும் ஞாயிறும் கையில் இருக்கும்.

சரி, எங்கே எடுப்பது? எனக்கு முதல் இடம் யூடியூப். தனியாகச் செயலி வேண்டாம், எல்லா ஸ்மார்ட் டிவியிலும் இருக்கிறது, பழைய படங்கள் பெரும்பாலும் 150 ரூபாயைத் தாண்டுவதில்லை. ஆனால் ஐபோன் செயலிக்குள் பணம் கட்டாதீர்கள். 2025 ஆகஸ்டில் ஆமிர் கானின் 'சிதாரே ஜமீன் பர்' யூடியூபில் 100 ரூபாய்க்கு வந்தபோது, ஆப்பிள் கருவிகளில் 179 ரூபாய் என்று காட்டியது. அந்தப் படத்துக்கு அதைச் சரிசெய்தார்கள். மற்ற படங்களுக்கு பிரவுசரிலோ ஆண்ட்ராய்டு போனிலோ விலையை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. டிவியிலும் அதே கணக்கில் படம் ஓடும்.

படத்தின் தரம் முக்கியம் என்றால் ஆப்பிள். 4கே உள்ள படங்கள் நாம் கொடுக்கும் காசுக்குத் தகும். வாங்கிய படத்தைக் குடும்பப் பகிர்வில் இன்னும் 5 பேர் பார்க்கலாம். வாடகைப் படத்துக்கு அந்த வசதி கிடையாது.

பிரைம் வீடியோவில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். சந்தா கட்டியவருக்கும் சில படங்களுக்கு வாடகை கேட்கும். 2022 ஏப்ரலில் இந்த வாடகைக் கடை இந்தியாவில் தொடங்கியபோது 69 முதல் 499 ரூபாய் வரை விலை வைத்தார்கள். புதுப் படத்தைச் சந்தாவுக்கு வரும் முன்பே பார்க்கத்தான் அந்தப் பெரிய தொகை. பொறுத்திருந்தால் பல படங்கள் சில வாரங்களில் சந்தாவுக்குள்ளேயே வந்துவிடும். பொறுங்கள் என்றுதான் சொல்வேன்.

பிரைமின் ஆண்டுச் சந்தா 1,499 ரூபாய். 120 ரூபாய் வாடகையில் அது பன்னிரண்டு படம், மாதத்துக்கு ஒன்று. மாதம் ஒரு படம் பார்க்கிற வீட்டுக்குச் சந்தா லாபமில்லை. அதோடு 2025 ஜூனிலிருந்து நடுவில் விளம்பரமும் வருகிறது. வாடகைப் படத்தில் அந்தத் தொல்லை இல்லை.

விலைக்கு வாங்குவதில் எனக்குத் தயக்கம் உண்டு. 490 ரூபாய் கொடுத்தால் நான்கு வாடகைக் காசு. குழந்தைகள் திரும்பத் திரும்பக் கேட்கும் படத்துக்குச் சரி, மற்றவற்றுக்கு வேண்டாம். 'வாங்கு' என்று பொத்தான் சொன்னாலும் நமக்குக் கிடைப்பது பார்க்கும் உரிமம் மட்டுமே. அமெரிக்காவில் அல்ட்ராவயலெட் என்ற டிஜிட்டல் படப் பெட்டகத்தை 2019 ஜூலையில் மூடியபோது, அதில் படம் சேர்த்தவர்கள் வேறு கடைக் கணக்குகளை நம்ப வேண்டியதாயிற்று. கலிபோர்னியாவில் 2025 முதல், உரிமத்தை மட்டும் விற்கும் கடை அதைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. இங்கேயும் அப்படி ஒன்று வர வேண்டும். அதுவரை, வாங்கிய படத்தை டவுன்லோடு செய்ய வழி இருந்தால் அன்றைக்கே செய்துவிடுங்கள்.