படப்பிடிப்புக்கு முன்பே பயன்படத் தொடங்கும் கருவி: ஜூம் எச்1என் ஒலிப்பதிவி

மொரிஷியஸில் தமிழ்க் குறும்படம் எடுக்க முனைபவர்களில் அநேகமாக எல்லோருக்கும் பிழைப்புக்கென்று வேறொரு வேலை இருக்கும். எங்கள் குழுவும் அப்படிப்பட்டதுதான். நான் ஆரம்பப் பள்ளியில் தமிழ் கற்பிக்கிறேன். கதாநாயகன் கடற்கரை விடுதி ஒன்றில் ஷிப்ட் முறையில் வேலை பார்க்கிறார். கைப்பேசியிலேயே படம் பிடிப்பது என்று முடிவான பிறகு, இருந்த சொற்பப் பணத்தில் விளக்கும் லென்ஸும் வாங்குவதற்கு முன்னால் ஒலிப்பதிவுக் கருவியைத்தான் வாங்க வேண்டும் என்று நான் வற்புறுத்தினேன். அப்படி வந்து சேர்ந்ததுதான் ஜப்பானின் ஜூம் நிறுவனம் 2018-இல் வெளியிட்ட எச்1என். எங்கள் படப்பிடிப்பு இன்னும் தொடங்கவில்லை. ஆயினும் இந்தக் கருவி தன் விலைக்கான உழைப்பை ஏற்கெனவே தந்துவிட்டது என்பதால், அதைப் பற்றி இப்போதே எழுதுகிறேன்.

சட்டைப்பையில் அடங்கும் இக்கருவியின் தலைப்பகுதியில் 90 பாகைக் கோணத்தில் அமைந்த இரண்டு மைக்குகள் உள்ளன. இரண்டு ஏஏஏ பேட்டரிகளில் ஏறத்தாழ பத்து மணி நேரம் ஓடும். 32 ஜிபி வரையிலான மைக்ரோ எஸ்டி அட்டையை ஏற்கும். வீடியோவுக்கு உகந்த 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் அளவில் பதிவு செய்தால் ஒரு மணி நேரத்துக்கு ஒரு ஜிபி அளவே பிடிக்கும். முகப்பிலேயே இருக்கும் திருகைக் கட்டைவிரலால் உருட்டி ஒலியின் அளவைக் கூட்டவும் குறைக்கவும் முடிவது, மெனுவுக்குள் சென்று தேடப் பொறுமையில்லாத என் போன்றவர்களுக்குப் பெரிய வசதி.

எனினும் இக்கருவியின் முழு அருமையை ஒத்திகையில்தான் உணர்ந்தேன். எங்கள் நடிகர்கள் தமிழைப் பள்ளியில் பயின்றவர்களே தவிர வீட்டில் இத்தீவின் பேச்சுமொழியான கிரியோல் பேசுபவர்கள். எல்லோருக்கும் ஒரே நாளில் விடுமுறை கிடைப்பதும் அரிது. ஆகவே கோயிலில் தேவாரம் ஓதும் பெரியவர் ஒருவரை அமரவைத்து, வசனங்கள் முழுவதையும் அவர் குரலில் எம்பி3 வடிவில் பதிவு செய்து, ஒவ்வொருவருக்கும் அவரவர் பகுதியை வாட்ஸ்அப்பில் அனுப்பினோம். ழகரமும் ளகரமும் பிசகாத அந்தக் குரலைப் பேருந்தில் போகும்போதும் விடுதிச் சமையற்கட்டின் ஓய்வு நேரத்திலும் கேட்டுக் கேட்டு, நாயகன் இப்போது நீண்ட வசனங்களைக்கூடத் தாளைப் பாராமல் பேசுகிறார். எல்லோரும் ஒன்றுகூட முடியாத குழுவுக்கு இதைவிடச் சிக்கனமான ஒத்திகை வழி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இடம் பார்க்கும் வேலையிலும் இது கைகொடுத்தது. பள்ளி விட்டு வரும் வழியில், எந்த நேரத்தில் காட்சியை எடுக்கப் போகிறோமோ அதே நேரத்தில் அந்த இடத்தில் கருவியைச் சிறிய முக்காலியில் நிறுத்திச் சில நிமிடங்கள் பதிவு செய்து, இரவில் ஹெட்போனில் கேட்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். ரோஸ் ஹில்லில் பார்த்த அழகான பழைய வராந்தா வீட்டில், நேரில் நிற்கும்போது பொருட்படுத்தாத மெட்ரோ எக்ஸ்பிரஸ் ரயிலின் ஓசை, பதிவில் வசனத்தை விழுங்கும் அளவுக்குக் கேட்டது. அந்தக் காட்சியைத் திரியோலேயில் இருக்கும் நண்பரின் பாட்டி வீட்டுக்கு மாற்றிவிட்டோம். கரும்புத் தோட்டக் காட்சிக்கும் இதே சோதனையைச் செய்தேன். இங்கே ஜூன் வாக்கில் அறுவடை தொடங்கிவிடும் என்பதால், ஒரு ஞாயிறு பாதி எடுத்த காட்சியை முடிக்க மறு ஞாயிறு போனால் பின்னணியில் கரும்பே இல்லாமல் போகலாம். போதாததற்கு அப்போது இங்கே குளிர்காலம், தென்கிழக்குக் காற்று ஓயாமல் வீசும். அந்தக் காற்றில் மைக்கின் மேல் மாட்டும் வெறும் நுரை உறை போதாது என்பது பதிவைக் கேட்டதும் விளங்கியது. ரோம உறையைப் போட்டு, தாழ்ந்த ஒலிகளை வெட்டும் வசதியையும் இயக்கிய பிறகு தோகைகளின் சலசலப்பு மட்டும் இனிமையாக எஞ்சியது.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். உடல் முழுவதும் பிளாஸ்டிக் என்பதால் கையில் பிடித்துப் பதிவு செய்தால் விரல் நகர்வதும் கேட்கும். ஆகவே முக்காலி கட்டாயம். தொழில்முறை மைக்குகளுக்கான எக்ஸ்எல்ஆர் இணைப்பு இல்லை, 3.5 மில்லிமீட்டர் துளை மட்டுமே உண்டு. மெல்லிய முணுமுணுப்பைத் தொலைவிலிருந்து பதிந்தால் கருவியின் சொந்த இரைச்சல் அடியில் தெரியும். இதற்கெல்லாம் நான் கண்ட வழி, சட்டைக் காலரில் குத்தும் சிறிய மைக்கை அந்தத் துளையில் செருகி, கருவியை நடிகரின் பையிலேயே போட்டுவிடுவது. பவர் விசையை ஹோல்டு பக்கம் தள்ளிவிட்டால் மற்ற பொத்தான்கள் தற்செயலாக அழுந்தினாலும் பதிவு நிற்காது. ஒவ்வொரு டேக்கின் தொடக்கத்திலும் கையைத் தட்டிவிட்டால், டாவின்சி ரிசால்வ் என்ற படத்தொகுப்பு மென்பொருளின் இலவசப் பதிப்பே ஒலியையும் படத்தையும் அலைவடிவத்தைக் கொண்டு இணைத்துவிடும்.

2024-இல் இதன் அடுத்த வடிவமான எச்1எசென்ஷியல் வந்துவிட்டது. அதில் 32 பிட் ஃப்ளோட் முறை இருப்பதால் ஒலியின் அளவை முன்கூட்டிச் சரிசெய்யும் கவலையே இல்லை. ஒலிக்கென்று தனியாக ஆள் வைக்க முடியாத குழு புதிதாக வாங்குவதானால் அதையே வாங்கட்டும். கைமாறிய எச்1என் மலிவாகக் கிடைத்தால் அதையும் தயங்காமல் வாங்கலாம். ஆனால் பணம் கொடுப்பதற்கு முன், காலர் மைக் ஒன்றைச் செருகி, ஹெட்போனில் கேட்டபடியே துளையில் செருகிய முனையை மெல்ல அசைத்துப் பார்த்து, கரகரப்பு எழாததை உறுதி செய்துகொள்ளுங்கள்.