சாக்லேட் விஸ்கி சவர்: கோகோவை எதில் சேர்ப்பது?

விஸ்கி, எலுமிச்சைச் சாறு, இனிப்பு, நுரைக்கு முட்டை வெள்ளைக்கரு. விஸ்கி சவர் என்றால் இவ்வளவுதான். இதில் சாக்லேட் சேர்க்க நினைத்ததும் பலர் எடுப்பது ஐஸ்கிரீம் மேல் ஊற்றும் சிரப் பாட்டில், அல்லது உருக்கிய மில்க் சாக்லேட். இரண்டும் வேண்டாம். சிரப்பில் இனிப்பே மேலோங்கும். பால் சேர்ந்த எதுவும் எலுமிச்சையைத் தாங்காது. பாலின் கேசீன் புரதம் pH 4.6 அருகே திரளும் (இந்த எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்). எலுமிச்சைச் சாறோ 2 முதல் 2.5. கிளாஸில் நிற்பது திரிந்த பாலாகத்தான் இருக்கும். கிரீம் கலந்த இனிப்பு மதுவான கிரீம் லிக்கர்களுக்கும் இதே கதி. பாலில்லாத டார்க் சாக்லேட்டை உருக்கி ஊற்றினாலும் ஐஸ் பட்டதும் கோகோ வெண்ணெய் உறைந்து மணல்மணலாக நாக்கில் தட்டும்.

ஈஸ்டர் மதியத்துக்கு வீட்டில் செய்யத் தகுந்த வழிகள் மூன்று: கோகோவை விஸ்கியிலேயே ஊறவைப்பது, கருப்பட்டிப் பாணியில் (அதாவது பாகில்) காய்ச்சுவது, கடையில் வாங்கும் கோகோ லிக்கரை ஊற்றுவது. நேரம் இருந்தால் முதல் வழிதான். காரணம் எளிது: சாராயம் கோகோவின் மணத்தையும் மெல்லிய கசப்பையும் இழுத்துக்கொள்கிறது, இனிப்பைக் கூட்டுவதில்லை. புளிப்புக்கு எவ்வளவு இனிப்பு என்பது கடைசிவரை நம் கையில் இருக்கும்.

விஸ்கியில் ஊறவைப்பது

375 மில்லி ஆஃப் பாட்டிலுக்கு 30 கிராம் கோகோ நிப்ஸ், அதாவது வறுத்துத் தோல் நீக்கி உடைத்த கோகோ பருப்பு. கண்ணாடி ஜாடியில் போட்டு மூடி, வெயில் படாத இடத்தில் வைத்து, நாளைக்கு இரண்டு முறை குலுக்க வேண்டும். 24 மணி நேரம் கழித்து ருசி பாருங்கள். நம்மூர் ஏப்ரல் சூட்டில் ஒன்றரை நாள் போதும். மூன்று நாளைத் தாண்டினால் துவர்ப்பு ஏறிவிடும், பிறகு எவ்வளவு பாணி ஊற்றினாலும் அது போகாது. வடிகட்டியபின் ஓர் இரவு ஃப்ரீசரில் வையுங்கள். விஸ்கி உறையாது; கோகோ வெண்ணெய் மட்டும் மேலே வெள்ளையாகக் கட்டும். அதை காபி ஃபில்டர் தாளில் வடித்து எடுத்துவிட வேண்டும். இந்த வேலையைத் தவிர்த்தால் கொழுப்பு முட்டை நுரையை உடைக்கும். பருப்பு கொஞ்சம் குடித்துவிடும் என்பதால் ஒரு ஆஃபில் ஐந்து கிளாஸ் கணக்கு வையுங்கள்.

குமரி மாவட்டத்தில் சில தென்னந்தோப்புகளில் கோகோ ஊடுபயிராக நிற்கிறது. அதைப் பார்த்துவிட்டு காயை வெட்டி, பச்சை விதையை அப்படியே ஊறவைக்க நினைப்பவர்கள் உண்டு. பலிக்காது. சதையோடு குவித்து ஐந்தாறு நாள் புளிக்கவைத்து, இடையிடையே கிளறி, நன்றாக உலர்த்திய விதையில்தான் சாக்லேட் மணத்துக்கான அடித்தளம் உருவாகும். வறுக்கும்போதுதான் மணம் வெளிவரும். தோட்டக்காரரிடம் புளிக்கவைத்து உலர்த்திய விதை கிடைத்தால், அடிகனமான சட்டியில் சிறுதீயில் பதினைந்து நிமிடம் கிளறி வறுத்து, ஆறியதும் தோலை ஊதிவிட்டு இடித்துக்கொள்ளலாம். கருகினால் சாம்பல் வாடைதான் மிஞ்சும்.

எந்த விஸ்கி? அமெரிக்கச் சோள விஸ்கியான போர்பன் கிடைத்தால் முதலிடம். உட்புறம் கரித்த புது ஓக் பீப்பாயில் இருந்ததால் வரும் வெனிலா, கேரமல் மணம் கோகோவோடு ஒட்டிப்போகும். இல்லையென்றால் நடுத்தர விலை இந்திய விஸ்கி போதும். விலையுயர்ந்த சிங்கிள் மால்ட்டை இதில் ஊற்றுவது வீண். புகைவாடை விஸ்கியைத் தொடவே வேண்டாம், எலுமிச்சையும் புகையும் கோகோவும் ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்கும்.

கருப்பட்டி கோகோ பாணி

இரண்டு நாள் முன்பே யோசிக்காதவர்களுக்கான வழி, மோசமான வழியும் அல்ல. 100 கிராம் கருப்பட்டியை நுணுக்கி 100 மில்லி நீரில் சூடாக்கிக் கரைத்து, துணியில் வடிகட்ட வேண்டும். பதனீர் புளிக்காமலிருக்கக் கலயத்தில் தடவும் சுண்ணாம்பும், கூடவே மண் தூசியும் அடியில் தங்கியிருக்கும். வடித்த பாணியில் நாலு கரண்டி எடுத்து 20 கிராம் கோகோ பொடியைக் கட்டியில்லாமல் குழைத்து, மீதிப் பாணியோடு சேர்த்து, இரண்டு கிராம்பும் ஒரு சிட்டிகை உப்பும் போட்டு மூன்று நிமிடம் சிறுதீயில் வையுங்கள். அதற்குமேல் வைத்தால் கோகோவின் மாவுச்சத்து கொழகொழப்பாகும். மெல்லிய துணியில் மறுபடி வடித்து ஆறவிடவும்.

கிராம்பை விட்டுவிடாதீர்கள். காக்டெயிலின் மேல் சொட்டும் பிட்டர்ஸ் என்ற கசப்பு மசாலாச் சாறு நாகர்கோவிலில் எளிதாகக் கிடைக்கும் பொருள் அல்ல; மாறாமலை, வெள்ளிமலைப் பக்கம் விளையும் கிராம்பு அந்த இடத்தை நிரப்பும். எண்ணெய் மிகுந்த கிராம்பு என்பதால் இரண்டுக்கு மேல் போட்டால் பல்வலி மருந்து வாடை வந்துவிடும்.

பாணி வழியின் குறை நுரையில் தெரியும். பொடியிலும் கொழுப்பு இருக்கிறது. அதனால் முதல் வழிக்கு 20 மில்லி வெள்ளைக்கரு போதுமென்றால், இங்கே ஒரு முட்டையின் வெள்ளைக்கரு முழுவதும் வேண்டும். பொடி வாங்கும்போதும் கவனம்: காரம் சேர்த்துப் பதப்படுத்திய கருநிறப் பொடி புளிப்பைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும், இயல்பான இளம்பழுப்புப் பொடியில் பழப்புளிப்பு கூடுதல். சவருக்கு இரண்டாவதே பொருத்தம். மிச்சப் பாணியைப் பிள்ளைகளுக்குப் பாலில் கலந்து கொடுக்கலாம்.

கருப்பட்டிக்குப் பதில் தேன் ஊற்றலாமா என்று மார்த்தாண்டம் பக்கம் கேட்பார்கள். ஊற்றலாம், ஆனால் ரப்பர் தேன் சீக்கிரம் உறையும்; சம அளவு வெந்நீரில் கரைத்தபின்தான் குலுக்க வேண்டும். கோகோவுக்குக் கருப்பட்டியின் ஆழம் தேனில் வராது.

கோகோ லிக்கர்

வேகமானது, செலவானது, எல்லா ஊரிலும் கிடைக்காதது. 20 மில்லி ஊற்றினால் அதிலேயே சர்க்கரை நிறைய இருப்பதால் தனிப் பாணியை 5 மில்லிக்குக் குறைக்க வேண்டும். நிறமற்ற வகை என்றால் கிளாஸ் பார்க்க அழகு. ருசியில் மிட்டாய்த்தனம் ஒட்டிக்கொள்ளும். கையில் ஏற்கெனவே பாட்டில் இருந்தால் பயன்படுத்துங்கள், இதற்காகத் தேடி அலைய வேண்டாம்.

கலக்கும் முறை

ஒரு கிளாஸுக்கு 60 மில்லி விஸ்கி, 20 மில்லி எலுமிச்சை, 20 மில்லி கருப்பட்டிப் பாணி (கோகோ கலந்த பாணியானால் 25), கடைசியாக வெள்ளைக்கரு. சாறை அன்றன்றைக்குப் பிழியுங்கள். தோலை அழுத்திப் பிழிந்தால் கசக்கும். ஷேக்கர் இல்லையென்றால் இறுக மூடும் எவர்சில்வர் டப்பா போதும். முதலில் ஐஸ் இல்லாமல் இருபது வினாடி, மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு குலுக்க வேண்டும். நுரை எழும்போது மூடி தெறிக்கும். பிறகு ஐஸ் நிரப்பி மறுபடி குலுக்க வேண்டும். புத்தகங்கள் சொல்லும் பதினைந்து வினாடி குளிர்நாட்டுக் கணக்கு. நம் ஃப்ரிட்ஜ் தட்டில் எடுக்கும் சின்ன, ஈர ஐஸுக்கு எட்டுப் பத்து வினாடி போதும், மீறினால் நீர்த்துப்போகும். கண்ணி நெருங்கிய வடிகட்டியில் ஊற்றி, மேலே சிறிது கோகோ பொடி தூவலாம்.

பச்சை முட்டையில் சால்மோனெல்லா ஆபத்து உண்டு, விஸ்கி அதை உடனே கொன்றுவிடாது. வயதானவர்களுக்கும் உடல்நலம் குன்றியவர்களுக்கும் உப்பில்லாமல் வேகவைத்த வெள்ளைக் கொண்டைக்கடலை நீரைச் சுண்டவைத்து 25 மில்லி ஊற்றுங்கள். நுரை நன்றாகவே நிற்கும். முதல் வழி விஸ்கியோடுதான் அது சிறக்கும். பொடிப் பாணியோடு சீக்கிரம் படுத்துவிடும்.

இந்த ஒரு கிளாஸில் 42.8 சதவீத விஸ்கி 60 மில்லி, அதாவது சுமார் 20 கிராம் ஆல்கஹால், இரண்டு பெக் கணக்கு. இனிப்பும் புளிப்பும் அதை மறைத்துவிடும். வண்டி ஓட்டுபவருக்கு இது வேண்டாம். 21 வயது நிரம்பாதவர்களுக்கும் இல்லை.

எட்டுப் பேருக்கென்றால் 750 மில்லி ஃபுல்லை 60 கிராம் பருப்பில் புனித வெள்ளிக்கு முன்பே ஊறவையுங்கள். மகாவீர் ஜெயந்தி சில ஆண்டுகளில் ஈஸ்டரை ஒட்டி வரும், அன்று டாஸ்மாக் இல்லை என்பதைக் காலண்டரில் பார்த்துக்கொள்ளுங்கள். ஞாயிறு காலையில் 480 மில்லி விஸ்கி, 160 மில்லி சாறு, 160 மில்லி பாணி மூன்றையும் கலந்து ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டால், விருந்தினர் வந்ததும் ஆளுக்கு 100 மில்லி அளந்து, வெள்ளைக்கரு சேர்த்துக் குலுக்க வேண்டியதுதான். முட்டையை மட்டும் முன்கூட்டி கலக்காதீர்கள். புளிப்பிலும் சாராயத்திலும் ஊறி நூல்நூலாகத் திரிந்துவிடும்.